வழக்கு யார் பெயரில்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 92ஆவது பிரிவுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கம் இருந்தது. விதிமீறலால் தொழிலாளிக்குக் கடுங்காயம் ஏற்பட்டால் இன்ன தொகைக்குக் குறையாமல் அபராதம் போட வேண்டும் என்று பிரிவு சொன்னது. கடுங்காயம் எது என்பதை விளக்கம் சொன்னது. கையோ காலோ நிரந்தரமாகப் பயனற்றுப் போவது, பார்வை போவது, செவி போவது, எலும்பு முறிவது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் விரலில் ஒரே ஓர் எலும்பு அல்லது ஒரே ஒரு மூட்டு மட்டும் முறிந்திருந்தால் அது கடுங்காயம் ஆகாது. இன்னொன்றும் முறிந்தால்தான் கணக்கில் வரும். பிரஸ் ஓடும் பட்டறைகளில் முதலில் அடிபடுவது விரல்தான் என்பது தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். விரல் எலும்பை இவ்வளவு நுணுக்கமாக எண்ணத் தெரிந்த சட்டம், அந்த விரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் நெடுங்காலம் மழுப்பியது. அந்த மழுப்பல் தானாக வந்ததில்லை. வழக்காடி, மனுப் போட்டு, நாடாளுமன்றக் கதவைத் தட்டி வாங்கியது.

தொழிலகப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் விதிகளின் வரலாற்றையே எழுதுகிறார்கள்: எந்த ஆண்டு எந்திரத்துக்குக் காப்பு வந்தது, எந்த ஆண்டு குழந்தைகள் வெளியேறினார்கள், வேலை நேரம் எப்போது குறைந்தது என்று. அந்த வரிசையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஏறுமுகமாகத் தெரியும். வழக்குகளைப் பார்த்தால் வேறு படம் கிடைக்கும். முதலாளிகள் பணத்தைக் கொட்டித் திரண்டு போராடிய இடங்களில் முக்கியமானது, விதியை மீறினால் குற்றவாளிக் கூண்டில் யார் ஏறுவது என்ற கேள்வி. விதி கடுமையாகும்போதெல்லாம் பழி கீழே இறங்குவதற்கு ஒரு படிக்கட்டும் கூடவே கட்டப்பட்டது. அந்தப் படிக்கட்டை அடைத்த இடங்களில்தான் சட்டம் உண்மையிலேயே உறைத்தது; எதிர்ப்பும் அங்கேதான் வெடித்தது. இதற்கு முதல் சான்று இங்கிலாந்தின் பருத்தி ஆலை வட்டாரமான லங்காஷயரில் கிடைக்கிறது.

இங்கிலாந்தின் 1833ஆம் ஆண்டு ஆலைச் சட்டம் நாடு முழுமைக்கும் நான்கே நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. அவர்களில் பெயர் நிலைத்தவர் லெனர்ட் ஹார்னர். 1844ஆம் ஆண்டுச் சட்டம் எந்திரங்களுக்குக் காப்பு போட வேண்டும் என்றது. அந்தக் கால நூற்பாலையில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. கீழே ஒரு நீராவி எந்திரம். அதன் விசையை மாடிதோறும் கூரையை ஒட்டி ஓடும் இரும்புத் தண்டுகள் கொண்டுபோகும். தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி எந்திரத்தைச் சுழற்றும். பெல்ட் கழன்றால் ஓட்டத்தை நிறுத்தாமலே ஒருவர் ஏணியில் ஏறி மாட்டுவார். தண்டு நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழலும். சட்டைக் கை பெல்ட்டுக்கும் தண்டுக்கும் நடுவே சிக்கினால் ஆளையே மேலே இழுத்து, சுழற்றி, கூரை உத்தரத்தில் அடித்து நொறுக்கிவிடும். இப்படிச் செத்தவர்களில் வயதுவந்த ஆண்கள் அதிகம். 'தண்டு ஏழடிக்கு மேலே இருக்கிறது, கைக்கு எட்டாது, காப்பு எதற்கு' என்று ஆலைக்காரர்கள் கேட்டார்கள். ஆய்வாளர்களும் சில காலம் பொறுத்துப் போனார்கள். சாவுகள் குறையவில்லை. 1854 ஜனவரியில், உயரம் எதுவானாலும் எல்லாத் தண்டுகளுக்கும் காப்பு வேண்டும் என்று சுற்றறிக்கை போனது.

அதன் பிறகு நடந்தது ஒரு பாடம். ஆலைக்காரர்கள் முதலில் உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டனிடம் தூது போய்ச் சுற்றறிக்கையைத் தளர்த்தப் பார்த்தார்கள். 1855இல் மான்செஸ்டரில் ஒரு சங்கம் கட்டினார்கள். ஒவ்வோர் ஆலையின் நீராவி எந்திரத்துக்கு எத்தனை குதிரைத்திறன் என்று பார்த்து அதற்கேற்ப உறுப்பினர்களிடம் சந்தா வசூலித்தார்கள். ஆய்வாளர் வழக்குப் போட்டால் உறுப்பினர்களின் செலவைச் சங்கம் ஏற்கும். திரண்ட தொகை 50,000 பவுனுக்கு மேல் என்று மார்க்ஸ் 'மூலதன'த்தில் குறிக்கிறார். தண்டுகளுக்குக் காப்பு போட என்ன செலவாகியிருக்குமோ தெரியாது. போடாமலிருக்கச் சேர்ந்த தொகை இது. சார்லஸ் டிக்கன்ஸின் வார இதழ் அந்தச் சங்கத்துக்கு 'தொழிலாளிகளைச் சிதைக்கும் சங்கம்' என்கிற பொருளில் ஒரு கேலிப்பெயரே வைத்தது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர் சாதாரண ஆள் இல்லை: அடிமை முறையை எதிர்த்து எழுதிப் புகழ்பெற்ற ஹாரியட் மார்ட்டினோ. விபத்துகளில் பெரும்பகுதி தொழிலாளியின் அசட்டுத்தனத்தால் வருகிறது, சட்டம் வீணாக மூக்கை நுழைக்கிறது என்று அவர் எழுதிய நூலை அந்தச் சங்கமே வெளியிட்டது. 1856இல் நாடாளுமன்றம் வளைந்தது. பெண்களும் சிறுவர்களும் தொடக்கூடிய பாகங்களுக்கு மட்டும் காப்பு போதும் என்று சட்டம் திருத்தப்பட்டது. மற்ற பாகங்களில் தகராறு வந்தால் எந்திரம் செய்யும் தொழில் தெரிந்தவர்கள் நடுவர்களாக இருந்து முடிவு சொல்வார்கள் என்றும் ஆனது. ஏணியில் ஏறிப் பெல்ட் மாட்டிச் செத்துக்கொண்டிருந்த வயதுவந்த ஆண் சட்டத்திலிருந்து காணாமல் போனான்.

இந்தச் சண்டை அளவுக்குப் பேசப்படாத இன்னொரு ஏற்பாடு 1844ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. விதி மீறப்பட்டால் முதலில் ஆலையை நடத்துபவர்மீதுதான் வழக்கு. ஆனால் அவர், 'நான் கவனமாகத்தான் இருந்தேன், எனக்குத் தெரியாமல் என் ஆள் செய்துவிட்டான்' என்று நிரூபித்தால், அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தான் விடுதலை பெறலாம். காப்பைப் பற்றிய வாக்கியங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறின. இந்த வாக்கியம் கடல் கடந்து, நூறாண்டு கடந்து, இந்தியச் சட்டத்தின் 101ஆவது பிரிவாக உட்கார்ந்தது. மூன்று நாள் முன்னறிவிப்பு கொடுத்து, 'உண்மைக் குற்றவாளி'யை நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்றது அது. பழி இறங்கும் படிக்கட்டு என்று மேலே சொன்னது இதைத்தான்.

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. வந்த விதம் அவ்வளவு பெருமைக்குரியதில்லை. பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்டு கலங்கிய லங்காஷயர் முதலாளிகள்தான் லண்டனில் அழுத்தம் கொடுத்தார்கள். தங்கள் ஊரில் எந்த ஆய்வாளரை எதிர்த்துச் சந்தா சேர்த்தார்களோ, அதே ஆய்வாளர் பம்பாய்க்குப் போக வேண்டும் என்றார்கள். மான்செஸ்டரின் சதி என்று தேசியப் பத்திரிகைகள் பல இந்தச் சட்டத்தை எதிர்த்தன. எதிர்த்ததில் நியாயம் இருந்தது. ஆனால் ஏழு வயதுக் குழந்தையும் ஆலையில் நிற்கலாம் என்ற சட்டத்தைக்கூட அதிகம் என்று சொன்னதில் நியாயம் இல்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், விசையால் ஓடும் ஆலைகளுக்கே அது பொருந்தியது. தேயிலை, காப்பி, அவுரித் தோட்டங்களுக்கு விலக்கு. அவற்றில் வெள்ளையர் முதலீடு நிறைய இருந்தது. தனி ஆய்வாளர் இல்லாத இடத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட்டே ஆய்வாளர். வரி, குற்றம், பஞ்சம் எல்லாம் பார்க்கும் அதிகாரி ஆலைத் தண்டையும் பார்க்க வேண்டும் என்றால் எவ்வளவு பார்ப்பார் என்று ஊகிக்கலாம். 1891, 1911, 1922, 1934 என்று சட்டம் திருத்தப்பட்டு விரிந்தது. 'யார் பொறுப்பு' என்ற வரி மட்டும் அதிகம் அசையவில்லை.

அந்த வரியில் இருப்பவரை ஆலை வட்டாரத்தில் 'ஆக்குபையர்' என்பார்கள். அவர் பெயரில்தான் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும், அவர் பெயரில்தான் நோட்டீஸ் வரும், அவரும் மேலாளரும்தான் வழக்கில் எதிரிகள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்குபையர் என்றால் தொழிற்சாலையின் விவகாரங்களில் இறுதிக் கட்டுப்பாடு உடையவர் என்று சொல்லிவிட்டு, நிர்வாக முகவரிடம் ஒப்படைத்திருந்தால் முகவரே ஆக்குபையர் என்றும் சேர்த்தது. அன்றைய நிலையில் இது சரியான கணிப்பு. பெரம்பூர் ஆலைகளுக்குப் பின்னால் பின்னி, மதுரை, தூத்துக்குடி, பாபநாசம் ஆலைகளுக்குப் பின்னால் ஹார்வி என்று முகவர் நிறுவனங்களே ஆலைகளை நடத்தின. கம்பெனியாக இருந்தால் இயக்குநர்களில் எவர்மீதும் வழக்குப் போடலாம் என்று 100ஆவது பிரிவு சொன்னது. கூடவே, கம்பெனி தன் இயக்குநர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறித்துக் கொடுக்கலாம் என்றும் சொன்னது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1970இல் முகவர் முறை ஒழிந்தது. அதற்குள் கம்பெனிகள் ஒரு வழக்கத்தை நன்றாகப் பழகிவிட்டிருந்தன: இயக்குநர் குழு ஒரு தீர்மானம் போடும், இன்ன ஊர் ஆலையின் 'இறுதிக் கட்டுப்பாடு' அந்த ஆலையின் பொது மேலாளரிடம் இருக்கிறது என்று எழுதும், அவரே ஆக்குபையர் ஆவார். ஒரு புது எந்திரத்துக்குக் காப்பு வாங்க வேண்டுமானாலும் தலைமையகத்தில் கையெழுத்து வாங்க வேண்டிய ஒருவர், காகிதத்தில் இறுதிக் கட்டுப்பாடு உடையவர். பல மாநில ஆய்வாளர்கள் இதை ஏற்றுக்கொண்டும் வந்தார்கள்.

போபால் இந்த வசதியைக் கலைத்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு கடந்து அங்கிருந்த ஆலையில் நச்சு வாயு கசிந்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தையதுதான் இங்கே முக்கியம். 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் அமெரிக்கத் தாய்க் கம்பெனியிலிருந்தே ஒரு குழு வந்து குறைகளைப் பட்டியலிட்டது. பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி ஊருக்கே ஆபத்து என்று எழுதினார். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் இடம் இருக்கவில்லை. ஆனால் தெரிந்தும் செலவைக் குறைத்தவர்களை நோக்கித் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு நேரான பாதை இல்லை. இருந்த பாதையின் முடிவில் சிறு தொகை அபராதம் இருந்தது. குற்றவியல் வழக்கு எப்படிப் போனது என்பது நாடறிந்தது: 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டை அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற அளவுக்குக் குறைத்தது, 2010 ஜூன் 7 அன்று இந்தியக் கம்பெனியின் முன்னாள் தலைவர் கேசுப் மகிந்திரா உள்ளிட்டோருக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது, அன்றே ஜாமீனும் கிடைத்தது. கால் நூற்றாண்டு.

போபாலுக்கு ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. ஆலையை மீண்டும் திறக்க அனுமதி கேட்டபோது உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரியில் போட்ட நிபந்தனைகளில் ஒன்று என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே கூர்மையானது: குளோரின் கசிந்து தொழிலாளிக்கோ பொதுமக்களுக்கோ தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டுக்குத் தாங்களே தனிப்பட்ட பொறுப்பு என்று கம்பெனியின் தலைவரும் நிர்வாக இயக்குநரும் எழுதித் தர வேண்டும். சிறைத் தண்டனை இல்லை, பெரிய அபராதம் இல்லை. கையெழுத்து மட்டும். அந்த நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி உடனே மனு வந்தது. மார்ச் மாதத்தில் ஓரளவு தளர்த்தவும்பட்டது. முழுமையான பொறுப்பு என்ற கோட்பாட்டை நீதிபதி பகவதி அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்ததைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பிப்ரவரி நிபந்தனையும் அதற்கு வந்த பதற்றமும் அதைவிடக் கூடுதலாகப் பேசுகின்றன என்று நினைக்கிறேன்.

1987இல் சட்டம் திருத்தப்பட்டது. அபராதம் ஒரு லட்சம் வரை, சிறை இரண்டு ஆண்டு வரை உயர்ந்தது. அபாயகரமான தொழில்முறைகளுக்கு ஏழாண்டு வரை. பழைய 100ஆவது பிரிவு நீக்கப்பட்டது. ஆக்குபையர் இலக்கணத்தில் ஒரு வரி சேர்ந்தது: கம்பெனியானால் இயக்குநர்களில் ஒருவரே ஆக்குபையராகக் கருதப்படுவார். உடனே தீ பிடித்தது அந்த ஒரு வரியில்தான். இயக்குநர் பெயர் இல்லாமல் லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டோம் என்று தலைமை ஆய்வாளர்கள் சொல்ல, பல மாநிலங்களில் கம்பெனிகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. எல்லாம் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்காக வந்து நின்றன. சமத்துவ உரிமை, தொழில் செய்யும் உரிமை, உயிரும் சுதந்திரமும் என்று அரசியல் சட்டத்தின் கனமான பிரிவுகள் எல்லாம் அழைக்கப்பட்டன. 1996இல் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் எழுதிய தீர்ப்பு கம்பெனிகளுக்கு எதிராகப் போனது. கம்பெனிக்குத் தனி மனம் இல்லை, அதன் இறுதிக் கட்டுப்பாடு இயக்குநர்களிடம் இருக்கிறது, ஊழியரிடம் இருப்பது அவர்கள் கொடுத்த இரவல் அதிகாரம். எனவே ஊழியரை ஆக்குபையராக நிறுத்த முடியாது. கம்பெனி யாரையும் குறிக்காவிட்டால் ஆய்வாளர் இயக்குநர்களில் எவர்மீதும் வழக்குத் தொடரலாம் என்றது நீதிமன்றம்.

எதிர்வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. மும்பையில் இருக்கும் இயக்குநர், ஓசூரில் ஒரு ஃபிட்டர் காப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாட்ட மறந்ததற்காக ஜெயிலுக்குப் போவதா? குற்ற மனம் இல்லாத இடத்தில் குற்றம் எப்படி? நீதிமன்றம் சொன்ன பதில், 101ஆவது பிரிவு அவருக்குத் திறந்தே இருக்கிறது என்பது. தக்க கவனம் எடுத்தேன் என்று அவர் நிரூபித்தால் போதும். என் பதில் சற்று வேறு. காப்பைக் கழற்றி வைக்கும் பழக்கம் ஓர் ஆலையில் எப்படி வருகிறது? காப்போடு ஓட்டினால் நாளுக்கு இத்தனை உருப்படி குறையும், அந்தக் குறைவை யாரும் ஏற்க மாட்டார்கள் என்று ஃபிட்டருக்குத் தெரிவதால் வருகிறது. அந்த எண்ணிக்கையைத் தீர்மானிப்பவர் ஓசூரில் இல்லை. உற்பத்தி இலக்குக்கு மேலே இருப்பவர் பொறுப்பு, பாதுகாப்புக்குக் கீழே இருப்பவர் பொறுப்பு என்ற பிரிவினையைத்தான் 1987ஆம் ஆண்டின் வரி உடைக்கப் பார்த்தது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வரி முழுக்க வெல்லவில்லை. ஆலையின் தலைவரையே இயக்குநர் குழுவுக்குள் இழுத்து 'இயக்குநர் (உற்பத்தி)' என்று பெயர் சூட்டி, அவரைக் குறித்துக் கொடுத்த கம்பெனிகள் உண்டு. படிக்கட்டு அடைபட்டதும் ஏணி வந்துவிட்டது. அரசோ இன்னும் எளிதாகத் தப்பியது. அரசுத் தொழிற்சாலையில் நிர்வகிக்க நியமிக்கப்பட்டவரே ஆக்குபையர் என்று திருத்தத்திலேயே எழுதிக்கொண்டது. 1998இல் இந்தியன் ஆயில் வழக்கில் பொதுத்துறை நிறுவனமும் அந்தக் குடைக்குள் வந்தது. தனியார் இயக்குநர் கூண்டில் ஏற வேண்டும், அரசின் செயலாளர் வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்றுவரை நல்ல காரணம் தென்படவில்லை.

மார்ட்டினோவின் வாதம் சாகவில்லை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற தொடர் இன்றும் விபத்து அறிக்கைகளில் முதல் காரணமாக நிற்கிறது. தொழிலாளிக்கும் கடமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. பாதுகாப்புச் சாதனத்தில் குறுக்கிட்டால் அவர்மீதும் வழக்கு உண்டு. ஆனால் காப்பு என்ற கருத்தே மனிதன் அயர்வான் என்ற அனுமானத்தில் பிறந்தது. ஓடும் எந்திரத்தின் அருகே எண்ணெய் விடுகிறவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொன்னது. அந்த உடையை ஆக்குபையரே வழங்க வேண்டும் என்றும் சொன்னது. வேட்டியும் துண்டுமாக வேலைக்கு வந்த தலைமுறைக்காக எழுதிய வரி அது. கவனமாக இரு என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல் உடையை யார் தைத்துக் கொடுப்பது என்றும் கேட்டதால்தான் அது சட்டம்; இல்லாவிட்டால் சுவரில் ஒட்டும் வாசகம்.

இழப்பீடு கொடுத்தால் போதாதா, குற்ற வழக்கு எதற்கு என்பவர்களும் உண்டு. 1923இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது, 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. தொழிலாளியின் குடும்பத்துக்கு ஈ.எஸ்.ஐ. பெரிய ஆறுதல்தான். ஆனால் ஈ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டும் பங்கு, சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்ற ஒரே கணக்கு, 2019இலிருந்து 3.25 சதவீதம். ஆண்டு முழுக்க ஒரு விரல்கூடப் போகாத ஆலையும், மாதம் ஒரு விரல் போகும் ஆலையும் ஒரே வீதத்தில் கட்டுகின்றன. லாரிக்கு எடுக்கும் இன்சூரன்ஸ்கூட கிளெய்ம் வாங்கினால் அடுத்த ஆண்டு சலுகையைப் பறிக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் இருக்கும் தொழிலாளி அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்கவும் அந்தச் சட்டம் தடை விதித்தது. இப்படி இருக்க, விபத்து முதலாளியைத் தொடுகிற இடம் என்று ஒன்று மிஞ்சியதென்றால் அது 92ஆவது பிரிவு வழக்கு மட்டும்தான்.

அந்த வழக்கும் எளிதில் வரவில்லை. ஆய்வாளர் புகார் கொடுத்தாலோ எழுத்தில் முன் அனுமதி தந்தாலோதான் நீதிமன்றம் எடுக்கும். தொழிலாளியோ சங்கமோ நேரே போக முடியவில்லை. குற்றம் ஆய்வாளருக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் போட வேண்டியிருந்தது. அந்த மூன்று மாதத்தில் விசாரணை, விளக்கம் கேட்டு நோட்டீஸ், பதில், மேலிடத்து அனுமதி எல்லாம் முடிய வேண்டும். நாள் தவறினால் விதிமீறல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வழக்கு இல்லை. ஆய்வாளர் கையில் இவ்வளவு தனியதிகாரம் இருந்ததால் லஞ்சம் பெருகியது என்பதும், சின்னப் பட்டறைக்காரரை மிரட்ட அது பயன்பட்டது என்பதும் உண்மை. 'இன்ஸ்பெக்டர் ராஜ்' என்ற புகாரை முதலாளிகளின் புலம்பல் என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் மருந்து எங்கே கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். புகார் செய்யும் உரிமையைத் தொழிலாளிக்கும் விரித்திருந்தால் ஆய்வாளரின் பேரம் பேசும் சக்தி பாதியாகக் குறைந்திருக்கும். அதைச் செய்யாமல் ஆய்வையே குறைத்தார்கள்.

இந்த வாதமெல்லாம் சிவகாசி வட்டாரத்தில் வேறு உருவம் எடுக்கிறது. அங்கே இயக்குநர் குழு, தீர்மானம் எல்லாம் அபூர்வம். நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) உரிமம் என்று பட்டாசு ஆலைகளைத் தரம் பிரித்துப் பேசுவார்கள். உரிமத்தில் ஒரு பெயர் இருக்கும். ஆலைக்குள் மருந்து கலப்பது, செலுத்துவது, திரி வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டுத் தனித்தனி அறைகள். ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்ற வரம்பு விதியில் இருக்கிறது. உரிமம் வாங்கியவர் இந்த அறைகளைக் கணக்குப் போட்டு உள்குத்தகைக்கு விடுவார். குத்தகைக்காரருக்குக் காலம் குறைவு, போட்ட பணத்தை எடுக்க வேண்டும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூட்டம் சேரும், இடம் போதாமல் வேலை மரத்தடிக்கு வரும். 1991இல் ஒரு விபத்தில் 39 பேர் இறந்த செய்தியைப் பார்த்துத்தான் உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிரச்சினையைத் தானாகவே கையில் எடுத்தது. 1996இல் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் வந்த பெரிய தீர்ப்பு அதன் தொடர்ச்சி. குழந்தைகள் விஷயத்தில் அது பலன் தந்தது. உள்குத்தகையை அது தொடவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் என்று பட்டியல் நீண்டது. குத்தகை விவகாரம் மறுபடி மறுபடி வெளியே வந்தது.

விபத்துக்கு மறுநாள் நாளிதழில் வரும் வரியைக் கவனித்தவர்களுக்கு அதன் அமைப்பு மனப்பாடம் ஆகியிருக்கும்: உரிமையாளர், குத்தகைதாரர், மேலாளர், ஃபோர்மேன் ஆகியோர் மீது வழக்குப்பதிவு, ஃபோர்மேன் கைது. ஃபோர்மேன் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், மருந்தின் குணம் தெரிந்தவர், வெடிபொருள் விதிப்படி தேர்ச்சிச் சான்றிதழ் வைத்திருப்பவர். எத்தனை பேரை அறையில் உட்கார வைப்பது என்பதை முடிவு செய்பவர் அவர் இல்லை. இங்கிலாந்தில் 1844இல் எழுதிய படிக்கட்டின் கடைசிப் படியில் விருதுநகர் மாவட்டத்தில் அவர் நிற்கிறார். உள்குத்தகையை ஒழிக்கச் சோதனை நடத்துவது, உரிமத்தை ரத்து செய்வது எல்லாம் நடக்கின்றன. ரத்தான ஆலை சில மாதத்தில் திறந்துகொள்வதும் நடக்கிறது. உரிமத்தில் இருக்கும் பெயர், அறையைக் குத்தகைக்கு விட்ட பிறகும் ஒவ்வோர் அறைக்கும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும், 'குத்தகைக்காரர் செய்தார்' என்பது 101ஆவது பிரிவில் தற்காப்பு ஆகாது என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால், குத்தகைக்கு விடும் லாபம் அந்த ஆபத்துக்கு ஈடாகுமா என்று உரிமக்காரர் கணக்குப் போட்டிருப்பார்.

இப்போது 1948ஆம் ஆண்டுச் சட்டமே போய்விட்டது. 2020இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. விசையோடு 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆனது. விசையில்லாமல் 20 என்றிருந்தது 40 ஆனது. ஆய்வாளர் இனி ஆய்வாளரும் வழிகாட்டியும் ஆவார். இயக்குநர்களில் ஒருவரே ஆக்குபையர் என்ற 1987ஆம் ஆண்டு வரி தப்பிப் பிழைத்திருக்கிறது, சுயேச்சை இயக்குநருக்கு மட்டும் விலக்கு. உயிர் போனால் விதிக்கும் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது, அதில் குறைந்தது பாதியைக் குடும்பத்துக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது நல்ல ஏற்பாடு. காயம்பட்டவருக்கு அபராதத்தைத் தரலாம் என்று 1844ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்லியிருந்தது. மாற்றம் அதற்குக் கீழே இருக்கிறது. யாருக்கும் காயம் படாத பொதுவான விதிமீறலுக்கு, அதாவது காப்பு இல்லாமல் ஓடும் பிரஸ், பூட்டிய அவசர வாசல், அளவுக்கு மேல் ஆள் நிறைந்த அறை போன்றவற்றுக்கு, சிறை இல்லை; 2 லட்சம் முதல் 3 லட்சம் வரை அபராதம் மட்டும். அதையும் உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டி அதிகாரியிடமே சமரசமாக முடித்துக்கொள்ளலாம். தொகை முன்பைவிடப் பெரிதுதான். ஆனால் பணம் கட்டுவது கம்பெனி; மாஜிஸ்திரேட் முன்னால் பெயர் கூப்பிட்டு ஓர் இயக்குநர் எழுந்து நிற்க வேண்டிய நாள் அந்த வழக்குகளில் இனி வராது. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் கம்பெனிகள் அத்தனை வழக்கறிஞர்களை வைத்துத் தவிர்க்கப் பார்த்தது அந்த நாளைத்தான்.